எழுத்தின் கீழே நின்ற கோடு

ஜூன் 9, திங்கள்

சிறுவாணித் தண்ணீர் இன்றைக்கு முறை. பதினோரு மணிக்குத்தான் வந்தது, அதுவும் நூல் மாதிரி. நான்கு குடம் பிடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று.

மகள் வசந்தாமணி பம்ப் கம்பெனிக்குக் கிளம்பிப் போன பிறகு தாரணி ரூமைத் திறந்து, தூசி தட்டி, கம்ப்யூட்டரைப் போட்டேன். பூட்டியே வைத்தால் எந்த மிஷினும் கெட்டுப்போகும். மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங் ஓட்டியவள் நான், எனக்குத் தெரியாதா. என் மகளுக்கு அந்த ரூமில் விளக்கு எரிந்தாலே ஆவதில்லை. மாசியில் தாரணி கண்ணை மூடியதிலிருந்து அந்தக் கதவுப் பக்கம் பார்க்காமலேதான் நடமாடுகிறாள்.

ஜப்பான் ஒகுடா அம்மாவிடமிருந்து ஈ-மெயிலில் கடிதம் வந்திருந்தது. ஹமாமட்சு என்ற ஊரில், இந்த அம்மாளின் வீட்டு மாடி அறையில்தான் தாரணி இரண்டு வருஷம் வாடகைக்கு இருந்தாள். என் பேத்தி அங்கே ஒரு கம்பெனியில் ஜப்பான்காரர்கள் பேசுவதை நம் ஆட்களுக்கும், நம் ஆட்கள் பேசுவதை அவர்களுக்கும் சொல்லுகிற வேலை பார்த்தாள். எங்கள் லைன் வீடுகளில் கடல் தாண்டிப் போன முதல் பெண் அவள்தான். அந்த அம்மாளை "ஒகாசான்" என்பாள். அப்படியென்றால் அம்மா என்று அர்த்தமாம். பெற்றவள் இங்கே பம்ப் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருக்க, அங்கே ஒரு அம்மா. நான் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

ரத்தத்தில் புற்று என்று தெரிந்து திரும்பி வந்தபோதும் அந்த அம்மாளிடம் சொல்லவில்லை. "வயசானவங்க அம்மாயி, அழுவாங்க. லீவுல வந்திருக்கேன்னே இருக்கட்டும்" என்றாள். புறங்கையில் ஊசி ஏற்றியே வைத்திருந்ததால் அவளால் தட்ட முடியாது. படுத்துக்கொண்டே சொல்லுவாள், நான் தட்டுவேன். ஏ பி சி டி ஐந்தாம் வகுப்பிலேயே எனக்குப் பாடம்.

வெள்ளைத்தாள் மாதிரி ஒரு பக்கம் திறக்கும், எடிட்டர் என்று பேர். அதில் ஒரு எழுத்தைத் தட்டினால் போதும். அவள் அந்த எழுத்தில் தொடங்கி எப்போதும் எழுதுகிற வரிகள் கீழே வரிசையாக வந்து நிற்கும். பெட்டி பழகி வைத்திருக்கிறது. ஜி தட்டினால் முதல் வரி "நலமாக இருக்கிறேன்", இரண்டாவது "சாப்பிட்டேன்". எஸ் தட்டினால் "கவலைப்பட வேண்டாம்". ஓ தட்டினால் "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்". எடுத்த வரிக்கு அடியில் ஒரு கோடு இருக்கும். என்டரை அமுக்கினால் கோடு போய்விடும். "கோடு போனாத்தான் அம்மாயி அந்த வார்த்தை நின்னுச்சுன்னு அர்த்தம்" என்பாள். பிறகு அப்படியே அள்ளிக் கடிதத்தில் போட்டு அனுப்ப வேண்டியது.

இப்போதும் நான்தான் அனுப்புகிறேன். ஒருவர் கடிதம் போட்டால் பதில் போடாமல் இருப்பது நம் வீட்டு வழக்கம் இல்லை.

இன்றைக்கு ஜி தட்டினேன். வரிசை வந்தது. என்டரை அமுக்கினேன். கோடு போகவில்லை. இன்னொரு முறை அமுக்கினேன். பெட்டி கல்லாக நின்றுவிட்டது. அதற்குள் வாசலில் வசந்தாமணி ஸ்கூட்டி சத்தம். சுவரில் இருக்கிற சுவிட்சைத் தட்டி அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். எப்போதும் அப்படித்தான் அணைப்பேன். மில்லிலும் சங்கு ஊதினால் சுவிட்சைத் தட்டிவிட்டுத்தான் வருவோம்.

ஜூன் 10, செவ்வாய்

கோடு போகவில்லை. துவரம்பருப்பில் வண்டு விழுந்திருக்கிறது. வெயிலில் காயப்போட்டேன்.

ஜூன் 12, வியாழன்

கணபதி பஸ் ஸ்டாப்பில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் திருமூர்த்தியைக் கூட்டிவந்தேன். திரையைப் பார்த்ததும் மலைத்துப்போனான்.

"என்னங்கம்மா இது, சைனாக்காரன் மாதிரி எழுதியிருக்கு?"

"ஜப்பான்."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே."

"நீயும் உன்ற பங்காளியும் ஒண்ணா?"

சிரித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நோண்டினான். தமிழ் வருகிறது, இங்கிலீசு வருகிறது, ஜப்பான் மட்டும் கோட்டோடு நிற்கிறது. "எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்தீர்லாமுங்க. அரை நாள் வேலை" என்றான்.

"எல்லாத்தையும்னா?"

"உள்ள இருக்கறது பூராவும்."

எழுந்து போகச் சொல்லிவிட்டேன். காபிகூடக் கொடுக்கவில்லை. பிறகு மனசு கேட்கவில்லை. ஆனால் அவன் தெருமுனை தாண்டிவிட்டான்.

ஒகுடா அம்மாவுக்குப் பதில் போகாமல் நாள் ஓடுகிறது. அவர் ஒவ்வொரு கடிதத்தோடும் அவர் வீட்டு வாசலில் பூத்த பூவைப் படம் எடுத்து அனுப்புவார். தாரணி கண் திறக்க முடியாமல் படுத்திருந்தபோதும் பூ வந்திருக்கிறதா என்று கேட்பாள். கடைசி இரண்டு கடிதத்தில் பூ இல்லை. அங்கே பூக்கிற காலம் முடிந்திருக்கும்.

ஜூன் 13, வெள்ளி

பர்சானாவுக்குப் போன் போட்டேன். தாரணியோடு ஜப்பான் பாஷை படித்தவள். துக்கத்துக்கு வந்து போனவள்தான், அப்புறம் வரவில்லை. என் குரலைக் கேட்டதும் அழுதுவிட்டாள். "அழுவாத சாமி. கம்ப்யூட்டர் ரிப்பேரு, அதுக்குத்தான் கூப்பிட்டேன்" என்றேன்.

ஜூன் 14, சனி

பர்சானா வந்தாள். வசந்தாமணிக்குச் சனிக்கிழமையும் வேலை உண்டு. பர்சானா தாரணி நாற்காலியில் உட்காராமல் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நிறையச் செய்து பார்த்தாள். எடிட்டரை மூடிவிட்டு வேறு பக்கத்தில் எழுதினாள். அங்கேயும் கோடு. ஜப்பான் எழுத்தைப் போடுகிற சாமானைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினாள். கோடு. திரும்பவும் புதியதை ஏற்றினாள். கோடு. ஒவ்வொரு முறையும் பெட்டி நின்றுபோய், அணைத்துப் போட வேண்டியிருந்தது.

"சாமான் நல்லாத்தான் இருக்குங்க அம்மாயி. தாரணி எழுதினதையெல்லாம் இது ஞாபகம் வெச்சிருக்குதுல்ல, அந்த ஞாபகம்தான் கெட்டுப்போச்சு. அதைப் படிக்கப் போயித்தான் முழி பிதுங்கி நிக்குது. எழுதிட்டிருக்கறப்பவே யாரோ மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணியிருக்காங்க. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, ரொம்ப நாளா."

"கரண்டு போயிருக்கும்" என்றேன். எங்கள் ஏரியாவில் கரண்டு அடிக்கடி போகத்தான் செய்கிறது.

"அந்த ஞாபகத்த அழிச்சாத்தான் சரியாகும்."

"வேறெதுலயாச்சும் ஊத்தி வெச்சுக்க முடியாதா?"

"அதுவும் பண்ணிப் பாத்துட்டேன். அதைத் தொட்டாலே நின்னுருது."

பிறகுதான் கேட்டாள். "அம்மாயி, இப்ப ஜப்பான் பாஷையில யாரு எழுதறாங்க இதுல?"

சொன்னேன். அவள் கடிதப் பக்கத்தைத் திறந்து, தாரணி சொல்லி அனுப்பியது தொடங்கி இதுவரை போனதையும் வந்ததையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். நான் போய் டீ வைத்துக்கொண்டு வந்தேன். அவள் குடிக்கவில்லை.

"பங்குனி மாசம் அவங்களுக்கு முட்டியில ஆபரேசன். பயமா இருக்கு, எனக்காகச் சாமி கும்பிட்டுக்கன்னு எழுதியிருக்காங்க. நீங்க என்ன பதில் போட்டிருக்கீங்கன்னா, நலமா இருக்கேன், சாப்பிட்டேன்னு."

ஆறிப்போன டீயை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"கடைசிக் கடிதத்தப் படிக்கறேன், கேளுங்க. 'தாரணி, நான் எது கேட்டாலும் நீ அதே நாலு வரியைத்தான் எழுதறே. நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா? எத்தனை யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. உனக்கு என் மேல் கோபம் என்றால் மன்னித்துவிடு. மாடி அறையை இன்னும் யாருக்கும் விடவில்லை. இனி நான் எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன்.'"

மரியாதைக்குப் பதில் போட்டேன். அது இப்படிப் போய் நிற்கும் என்று எனக்கென்ன ஜோசியமா தெரியும்.

"நான் என்ற போன்லருந்து அவங்களுக்கு விசயத்தச் சொல்லீரட்டுங்களா?" என்றாள்.

"வேண்டாம். சொன்னது நான். மாத்திச் சொல்றதும் நானேதான் சொல்லோணும். இதே பெட்டியிலருந்துதான் போகோணும்."

"அப்ப அந்த ஞாபகத்த அழிக்கோணும் அம்மாயி. வசந்தாமணி ஆன்ட்டியக் கேட்டுட்டுச் சொல்லுங்க."

ஜூன் 15, ஞாயிறு

கோழி எடுத்தோம். ஆளுக்கு ஒரு துண்டு தின்றோம். மீதி பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. வசந்தாமணியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

சொல்லிவிட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியை உதறித் திரும்பவும் மடித்தாள்.

"என்ற பொண்ணாட்டம் நீ எழுதினியாம்மா?"

"அவ எழுதி வெச்சதத்தான் எடுத்து அனுப்பினேன்."

"செத்தவ சாப்பிட்டேன்னு சொல்றாளா? இத்தன நாளா நீ கதவச் சாத்திட்டு இதைத்தான் பண்ணினியா?"

"நீயும் வந்து உக்காந்திருக்கலாம்ல. யாரு வேண்டாம்னா?"

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவள் துணியை அப்படியே போட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். இட்லி மாவு புளித்துப் பொங்கி வழிந்திருந்தது. துடைத்தேன்.

இருட்டினதும் இறங்கி வந்தாள். "அழிக்கறதுன்னா, அதுக்கு முன்னால நான் பாக்கோணும்" என்றாள்.

ஜூன் 21, சனி

வசந்தாமணி லீவு போட்டாள். பர்சானாவும் வந்தாள். மூன்று பேரும் அந்த ரூமில் ஒட்டுக்கா உட்கார்ந்தோம். தாரணி நாற்காலியில் வசந்தாமணி.

எழுத்தைத் தட்டினால் வரிசை வருகிறது, ஆனால் கொஞ்ச நேரத்தில் பெட்டி நின்றுவிடுகிறது. மறுபடி போட்டால், அது எழுந்து வர ஒரு யுகம். போகப்போக மோசமாகிறது. "இனி ஒண்ணு ரெண்டு எழுத்துத்தான் தாங்கும் ஆன்ட்டி. எதைப் பாக்கோணும்னு யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் பர்சானா.

"அம்மான்னு எழுதியிருக்காளா?"

"அடுத்தவங்ககிட்ட நம்ம அம்மாவப் பத்திச் சொன்னா ஜப்பான்ல அதுக்குத் தனி வார்த்தை. ஹெச் தட்டுங்க."

வசந்தாமணி விரலை நீட்டித் தட்டினாள். வரிசை வந்தது. பர்சானா வேகமாகப் படித்தாள்.

"அம்மா வேலைக்குப் போயிருக்கிறார். அம்மா வைத்த ரசம். அம்மா நேற்றும் தூங்கவில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்."

"எதச் சொல்ல வேண்டாம்?"

பெட்டி நின்றுவிட்டது.

திரும்ப அது எழுந்து வரும்வரை காத்திருந்தோம். வாசலில் கீரைக்காரர் கூவினார், நான் எழுந்து போகவில்லை.

"வலிக்குதுன்னு எழுதியிருக்காளா?" வசந்தாமணி கேட்டாள். "என்கிட்ட ஒரு நாளும் வலிக்குதுன்னு சொன்னதில்ல. ஊசி ஏறாம கை கன்னிப்போனப்பக்கூட, கூசுதும்மான்னு சிரிச்சா."

"ஆன்ட்டி, அது வேண்டாம்."

"எந்த எழுத்து?"

பர்சானா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ஐ" என்றாள்.

தட்டினாள். வரிசை வந்தது. எல்லா வரியும் ஒரே மாதிரித் தொடங்கியது, எனக்கே தெரிந்தது. பர்சானா படிக்கவில்லை. இங்கிருந்து அனுப்பின கடிதம் எல்லாவற்றையும் போன வாரமே படித்தவள் அவள், அதில் எதிலும் இந்த வார்த்தை இல்லையாம். நாங்கள் பார்க்காத நேரத்தில், ஊசி ஏறிய கையாலேயே, யாருக்கும் அனுப்பாமல் தாரணி எடிட்டரில் எழுதி எழுதி அழித்திருக்கிறாள். பெட்டி மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறது.

வசந்தாமணி திரையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். நெற்றியில் சூடு பார்க்கிற மாதிரி. பெட்டி நிற்கும்வரை எடுக்கவில்லை.

"அம்மாயி, இன்னொண்ணு தாங்கும்னு நெனைக்கறேன். உங்களுக்கு ஏதாச்சும் பாக்கோணுமா?" என்று பர்சானா கேட்டாள்.

"எனக்கென்ன இருக்கப்போவுது. நானென்ன அவளுக்கு ரசமா வெச்சேன்? அழிச்சுரு சாமி" என்றேன்.

"அழிக்கவா?" என்று பெட்டி ஒரு முறை கேட்டதாம். வசந்தாமணி தலையாட்டினாள். பர்சானா அமுக்கினாள். ஒரு சத்தமும் இல்லை. இதற்கு மில்லில் ஒரு நூல் அறுந்தால்கூடச் சத்தம் கேட்கும்.

பிறகு ஜி தட்டிப் பார்த்தேன். வரிசை வந்தது. எனக்குத் தெரிந்த வரி ஒன்றும் இல்லை. எதையோ ஒன்றை எடுத்து என்டரை அமுக்கினேன். கோடு போயிற்று. ரிப்பேர் சரியாகிவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

பர்சானா எழுத்து எழுத்தாகச் சொன்னாள், நான் தட்டினேன். ஒரு விரல்தான். கண்ணாடி அடிக்கடி மங்கியது, புழுக்கம்.

"தவறிட்டான்னு சொல்லட்டுமா, இறந்துட்டான்னு சொல்லட்டுமா?"

"அந்தம்மாளுக்கு மறுபடி சந்தேகம் வராதபடி சொல்லு."

தாரணி இறந்துவிட்டாள். டி-யில் தொடங்கியது. தட்டினால் வரிசையில் அவள் இல்லை, ஒவ்வொரு எழுத்தாகத்தான் கட்ட வேண்டியிருந்தது. கோடு வந்தது. என்டர். கோடு போயிற்று. நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. கோடு போயிற்று. கடைசி வரைக்கும் பூ வந்திருக்கிறதா என்று கேட்டாள். இது நான் சொல்லச் சொன்னது. கோடு போயிற்று.

"இப்ப, இத்தனை நாள் எழுதியது அவளுடைய அம்மாயின்னு போடலாம். எஸ் தட்டுங்க."

"எஸ்ஸா? எஸ்ஸு 'கவலைப்பட வேண்டாம்' தானே?"

"நம்ம பாட்டிங்கறதும் எஸ்ஸுலதானுங்க அம்மாயி தொடங்கும்."

விரல் அந்த எழுத்தின் மேலேயே நின்றது. மாசியிலிருந்து அதைத் தட்டியிருக்கிறேன். வரிசை வந்ததும் முதல் வரியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். கீழே நான்கைந்து வரி இருக்கும். வேலை முடிந்ததென்று பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரிந்திருக்காது. நேற்று பர்சானா கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன்.

"என்னாச்சுங்க அம்மாயி?"

"ஒண்ணுமில்ல. அடுத்த எழுத்தச் சொல்லு."

அனுப்பிவிட்டோம். பெட்டியை எப்படி அணைப்பது என்று பர்சானா காட்டிக்கொடுத்தாள். சுவரைத் தொடவே கூடாதாம். "தெரியும்" என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

பதில் இல்லை. தண்ணீரும் இல்லை.

ஜூன் 26, வியாழன்

கடிதம் வந்திருந்தது. வசந்தாமணி கம்பெனியிலிருந்து வந்ததும், அதை அவள் போனில் படம் பிடித்துத் தமிழில் படித்தாள். போன் அரைகுறையாகத்தான் தமிழ் பேசுகிறது, ஆனாலும் புரிந்தது. முதலிலேயே இதைச் செய்திருக்கலாமே என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்ததில்லை.

ஒகுடா அம்மா இரண்டே வரிதான் எழுதியிருந்தார். தாரணியின் படத்துக்கு முன்னால் சோறு வைத்தாராம். எந்தத் தேதி என்று சொன்னால், மாதாமாதம் அந்த நாளில் வைக்கலாம் என்றார்.

கீழே ஒரு படம். ஊதாப் பூ, கொத்துக்கொத்தாக, மழையில் நனைந்து.

வசந்தாமணி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "தேதிய நீயே எழுதீரும்மா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். ரசத்துக்குப் புளி கரைக்கிற வாசம் வந்தது. மாசிக்குப் பிறகு இந்த வீட்டில் இன்றைக்குத்தான் ரசம்.

ஜூன் 27, வெள்ளி

பர்சானாவைக் கூப்பிடவில்லை. எண்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான், தேதி நானே போட்டுக்கொள்வேன். பேரையும் அந்த வார்த்தையையும்தான் எப்படிக் கட்டுவது என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்தேன். பர்சானா சொன்னது எழுத்து வரிசையாக ஞாபகத்தில் இல்லை.

கதவைச் சாத்தவில்லை. எடிட்டரைத் திறந்து, டி தட்டினேன்.

வரிசை வந்தது. முதல் வரியிலேயே அது இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் கட்டிய அதே வரி, முழுசாக, ஒரு எழுத்துக் குறையாமல். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அதற்குள் பழகிக்கொண்டது.

எடுத்தேன். அடியில் கோடு வந்து நின்றது. ரொம்ப நேரம் அப்படியே விட்டிருந்தேன். வசந்தாமணி வந்து என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

என்டரை அமுக்கினேன். கோடு போய்விட்டது.